முக்காலில் நின்ற முள்

சென்னியப்பனுடைய அப்பா காலத்து லாரிக்கு ஆறு வோல்ட்டை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் போட்டு முடித்த அன்றைக்கு அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது, டேங்க்கையே கழற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள், இருந்தும் சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் மீட்டரின் முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து முக்காலில் போய் நின்றது. எலக்ட்ரீசியன் அர்த்தநாரி எட்டிப் பார்த்தான். "வயரு எங்கியோ பாடில ஒட்டுதுங்ணா, எறங்குங்க" என்றான். சென்னியப்பன் இறங்கினார், முள்ளும் இறங்கியது. அந்த லாரியை முப்பது வருஷம் ஓட்டிய டிரைவர் வையாபுரி ஏறினார். முள், காலி என்று குறிக்கிற ஈ எழுத்துக்கு ஒரு நூல் மேலே எழுந்து, அதற்கு மேல் ஏற மனசில்லாததுபோல் அங்கேயே நின்றுவிட்டது.

இதைக் கேட்கிறவர்கள் உடனே, அப்புறம் ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்திருக்குமே என்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அர்த்தநாரி டேங்க்குக்குப் போகிற வயரைப் பிடுங்கிப் பார்த்தான், பிறகு பேட்டரியையே கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தான். அப்போதும் ஆள் உட்கார்ந்தால் முள் எழுந்தது, ஆள் இறங்கினால் படுத்தது, ஆளுக்கு ஆள் வேறு வேறு இடத்தில் நின்றது. அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லோரும் குடிக்கப் போய்விட்டார்கள்.

வேலையில் குற்றமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அர்த்தநாரி தன்னைத்தானே வைதுகொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சங்ககிரியில் பாதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் அதைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறவர்கள். அந்த ஊரில் வயரிங் என்றால் அர்த்தநாரி பட்டறை என்று எந்த கிளீனரைக் கேட்டாலும் கை காட்டுவான். சென்னியப்பனுடைய லாரி பெட்ரோலில் ஓடிய காலத்து வண்டி, பிளஸ்ஸை பாடியில் கொடுத்து மைனஸில் கரண்ட் ஓடுகிற தலைகீழ் வண்டி, ஆறு வோல்ட் பேட்டரிக்கு இப்போது எங்கே போவது, அதனால்தான் வரும் ஆயுத பூஜைக்குள் எல்லாவற்றையும் பன்னிரண்டுக்கு மாற்றிக் கொடு என்று கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே ஒரு நிபந்தனை.

"என்ன வேண்ணாலும் மாத்திக்க, அர்த்தநாரி. டைனமோ, பல்பு, ஆரன், வயரு பூராத்தையும் மாத்திக்க. அந்த மீட்டருங்க நாலு மட்டும் எங்கப்பன் மொகத்தப் பாத்த மீட்டருங்க. அதுங்க அப்படியே இருக்கோணும். கண்ணாடியக்கூடத் தொறக்கப்படாது."

ஆறு வோல்ட்டுக்குப் பிறந்த மீட்டருக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் புகைந்துவிடும். அதனால் மீட்டருக்கு முன்னால் ஒரு காயிலைச் சுற்றி வைத்து, வருகிற கரண்ட்டில் பாதியை அங்கேயே மடக்கிப்போட்டு மீதியைத்தான் உள்ளே விட வேண்டும். அர்த்தநாரி அப்படித்தான் செய்தான். கண்ணாடியைத் திறக்க மாட்டேன் என்று சென்னியப்பனுடைய கையில் அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்திருந்தான்.

அந்தப் பட்டறையில் அவன் தனியாள் இல்லை. அவன் வயரை இழுப்பான், அவனுடைய சம்சாரம் பாவாயி பின்னாலேயே கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு வருவாள். டிரைவர் மகள், லாரி கேபினில் தூளி கட்டி வளர்ந்தவள், டேப் சுற்றினால் சாரைப்பாம்பு மாதிரி வழவழவென்று இருக்கும். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து சுற்றிய வயரை நீட்டினால் பம்பாய் போய்த் திரும்பலாம் என்று பாவாயியே கேலி பேசுவாள். மீட்டர் வேலை முடிந்தால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பாள், அவன் முன் பம்பரில் ஏறி நின்று வண்டியை மேலும் கீழுமாக ஆட்டுவான், ஆட்டிக்கொண்டே "ஆடுதா?" என்று கேட்பான். டேங்க்கில் நிஜமாகவே எண்ணெய் இருந்தால் அது தளும்பும், தளும்பினால் முள் ஆடும். வயர் எங்காவது ஒட்டிக்கொண்டு பொய் சொல்கிற முள்தான் செத்தது போல ஆடாமல் நிற்கும். "ஆடுதுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும்.

சென்னியப்பன் லாரியில் அந்த வழக்கத்தைச் செய்யவில்லை. டேங்க் இல்லாமல் எதை ஆட்டுவது?

ஊருக்கு விஷயம் புரிந்தது வையாபுரியால். அவர் தினமும் காலையில் டீ குடிக்கிற சாக்கில் வந்து ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார், "ரிசர்வுல ஓடுதாட்டங் கெடக்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்குவார். பதினேழாம் நாள் காலையில் அவர் உட்கார்ந்தும் முள் எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சரி, சவரமாவது பண்ணிக்குவோம் என்று எதிர்க்கடைக்குப் போனார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குச் சோப்புப் போடும்போது தலை சாய்ந்துவிட்டது. சவரக்கடைக்காரர் மிச்சக் கன்னத்தையும் முடித்துத்தான் அனுப்பினார். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்புகிற வழியில், சொல்லிவைத்ததுபோல, பட்டறை முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு சங்ககிரி அந்த லாரியை எப்படித் தனக்குள் வைத்துக்கொண்டது என்பதைச் சொல்ல ஒரு நாள் போதாது. ஆயுத பூஜைக்குச் சென்னியப்பன் மாலை போட்டார், சந்தனப் பொட்டு வைத்தார், ஓட்டிப் போக வந்தவர் வரிசையைப் பார்த்துவிட்டு வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். தரகர்கள் ஜாதகத்தோடு முள் நிற்கிற இடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள், கடைவீதி ஜோசியர் பிழைப்புப் போகிறதென்று வாய்ச்சண்டை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு தன் மேசையையே லாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டார், நெடுந்தூரம் போகிற டிரைவர்கள் தேங்காய் உடைப்பதற்கு முன்னால் ஒரு தரம் ஏறி இறங்கினார்கள், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சீட்டு எழுதுகிறபோதே "வண்டில ஒக்காந்து பாத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். கரடுமுரடான ஒரு மில்காரருக்கு எண்பத்திரண்டு வயதில் ஃபுல் காட்டியது, அவருடைய மூன்று மகன்களும் அதைக் கேட்டு முகம் தொங்கிப்போய் அந்த வாரமே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். முள் தாழ்ந்தவர்களுக்கு டீக்கடையில் முதல் டம்ளர் கிடைத்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, இருபது வருஷமாகத் தீராத வரப்புத் தகராறு ஒன்று, எதிராளியின் முள் அரைக்குக் கீழே என்று தெரிந்த மறுநாள் தீர்ந்துபோனது. மரியாதையும் தானாக உண்டாயிற்று: ஒருத்தர் முள்ளை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, அதற்காக மீட்டர் மேல் ஒரு ஈரிழைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள், ஏறியவர் தானே அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தானே இறக்கிவிட வேண்டும். இறங்கியவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா என்ன?

இந்தக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணி ஏற்றி இறக்கியவள் பாவாயி. சாயங்காலம் துண்டைத் துவைத்துப் போடுகிறவளும் அவள்தான். அர்த்தநாரி ஒரே ஒரு தரம், யாருமில்லாதபோது ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தான். அரைக்கு மேலேயே இருந்தது. அவள் ஏறவில்லை. "எனக்கெதுக்குங்க, எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, சோறு வடிக்காம இருக்க முடியுமா" என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை, கேட்கவே பயந்தான் என்பதுதான் நிஜம்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேபினுக்குள் சாரல் அடித்து மீட்டர் கண்ணாடியெல்லாம் சந்தனம் கரைந்து வழிந்திருந்ததால், துடைக்கலாம் என்று பாவாயி துணியோடு ஏறினாள், எட்டவில்லை என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், துண்டைத் தூக்கினாள். அர்த்தநாரி அந்த நேரத்தில் ஃபுட்போர்டில் நின்று கதவுத் தாழுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

"காலுதான் இருக்குதுங்க" என்றாள் பாவாயி, அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தவள்போல.

"அது ஈரத்துல அப்படிக் காட்டும்."

"ஏனுங்க, இத்தன நாளா ஈரத்துல காட்டுனதெல்லாம் பொய்யாங்க?"

அவள் கண்ணாடியைத் துடைத்து முடித்து, துண்டை இறக்கிவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாளே ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்கு வயர் வைத்துப் பார்த்தார்கள், அந்த வயர்களைக் கட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்துப் பாவாயி உதட்டைச் சுழித்தாள், டாக்டர் அம்மா, எல்லாம் நன்றாக இருக்கிறது, இரும்புச் சத்து மட்டும் சாப்பிடுங்கள் என்றார். சேலத்திலும் அதையே சொன்னார்கள். அவன் அவளை வேலை செய்ய விடவில்லை, முருங்கைக்கீரையும் ஆட்டுக்கால் சூப்புமாகக் கொடுத்தான், திருச்செங்கோட்டு மலைப்படி ஏறி முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டான், இருபத்திமூன்று வருஷத்தில் அவளைத் திட்டிய திட்டையெல்லாம் நினைத்து நினைத்து உட்கார்ந்த இடத்திலேயே அழுதான். வாரத்துக்கு ஒரு தரம் ஏறிப் பார்த்தார்கள். முள் வாரத்துக்கு ஒரு நூல் இறங்கியது. இறங்குகிற முள்ளும் அவள் மூச்சுக்கு மூச்சு, சேலைத் தலைப்பு காற்றில் அசைகிற மாதிரி, லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், ஆடுகிறவரைக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று.

ரோட்டில் எண்ணெய் தீர்ந்து நிற்கிற வண்டிக்கு, வருகிற வண்டிக்காரன் எவனாயிருந்தாலும் நிறுத்தி, டியூபைப் போட்டு வாயால் உறிஞ்சித் தன் டேங்க்கிலிருந்து பத்து லிட்டர் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். பேர் ஊர்கூடக் கேட்க மாட்டான். அதை நினைத்துக்கொண்டு அர்த்தநாரி ஒரு மத்தியானம் அவளை நகரச் சொல்லி அதே சீட்டில் ஒண்டி உட்கார்ந்து, அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எடுத்துக்கொள், அரைக்கு மேல் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி வேர்த்துப்போனான். முள் அவளுக்குக் காட்டிய இடத்திலேயே நின்றது.

"கை வலிக்குதுங்க" என்றாள் பாவாயி. பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா முள்ளு படுத்ததுக்கப்புறம் தொப்பூருல இருந்து மேட்டூரு வரைக்கும் வண்டி ஓட்டியிருக்காருங்க. எறக்கத்துல நியூட்ரல்ல விட்டு. இதெல்லாம் பாத்துட்டு ஒக்காந்திருந்தா ஆகுமா, எந்திரிங்க" என்றாள்.

அவன் சென்னியப்பனிடம் போனான். அவர் தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரே ஒருக்கா அந்தக் கண்ணாடியத் தொறந்துக்கறனுங்க. என்ற வேலைலதான் என்னமோ தப்பு. காயிலச் சுத்துனதுல ஒரு சுத்து கொறஞ்சு போயி உள்ள கருகிருச்சோ என்னவோ."

சென்னியப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; பாவாயிக்கு டீக்கடையில் முதல் டம்ளர் வந்துகொண்டிருந்தது.

"தொறந்து என்ன பண்ணுவ, அர்த்தநாரி? முள்ளத் தூக்கி வெப்ப. முள்ளத் தூக்குனா டேங்க்கு ரொம்பீருமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தாண்டி வந்துவிட்டான்.

அவனுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குப் படுத்த முள்ளை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறான், எத்தனை வண்டியில் தலைமாட்டு வயரைக் காலடிக்குக் கொண்டுவந்து விளக்கு எரியவைத்திருக்கிறான்; ஒரு மீட்டரை என்ன சொல்லவைக்க வேண்டுமென்றாலும் சொல்லவைக்க அவன் கைக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவனால் முடியவில்லை.

தை அமாவாசை வந்தது. அமாவாசையன்று பட்டறைகளுக்கு லீவு, அதிலும் தை அமாவாசைக்கு ஊரே பவானி கூடுதுறைக்கு முழுக்குப் போடப் போய்விடும், தெருவில் நாய்கூடப் படுத்துத் தூங்கும். முந்தின நாள் பாவாயியின் முள் ஈ எழுத்தைத் தொட ஒரு மயிரிழை இருந்தது. அவள் உள்ளே பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி லாரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சென்னியப்பன் கையில் அடித்த சத்தியத்தை அந்தக் கையாலேயே துடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மீட்டர் கண்ணாடியைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தை நெம்பினான். உள்ளே ஐம்பது அறுபது வருஷத்துக் காற்று இருந்தது, அது விபூதிப் பையைத் திறந்த வாசமடித்தது. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை, வெளியே காயில் சரியாக இருந்தது, சுற்று சரியாக இருந்தது, உள்ளே எதுவும் கருகவில்லை, அவன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் இருந்தால் சரிபண்ணியிருப்பானே. அவன் முள்ளை நகத்தால் மெல்லத் தூக்கி முக்காலில் பிடித்துக்கொண்டு, சூடான சால்டர் ராடைத் தொட்டு, முள்ளின் அடியில் கடுகளவு ஈயத்தை உருக்கி வைத்தான். ஊதினான். ஆறியது. கண்ணாடியை மாட்டி, துடைத்து, சந்தனம் குழைத்துப் பழைய இடத்திலேயே பொட்டும் வைத்து, மேலே துண்டைத் தொங்கவிட்டான்.

நாளையிலிருந்து சங்ககிரியில் எல்லோருக்கும் முக்கால்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். நல்ல காலம் பிறந்துவிட்டதென்று தரகர்கள் சொல்லிக்கொள்வார்கள், மில்காரருடைய மகன்கள் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தாலும் வருவார்கள்.

"பாவாயி, கை கழுவிட்டு வா. ஒருக்கா ஒக்காந்து பாத்துரலாம்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முன்பெல்லாம் ஒரே எட்டில் ஏறுகிறவள், ஃபுட்போர்டில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்தாள். துண்டைத் தூக்கினாள். அவன் கீழே நின்று அவள் முகத்தைப் பார்த்தான், மீட்டர் பக்கம் பார்க்கவே இல்லை.

"என்ன காட்டுது?" என்றான்.

"முக்காலுங்க."

"நாஞ் சொன்னனா இல்லியா. சூப்பு குடி, கீரை தின்னு, ஏறும்னு சொன்னனா இல்லியா."

"ஆமாங்க, சொன்னீங்க" என்றாள். சந்தனப் பொட்டை ஒரு விரலால் தொட்டாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. விரலைப் பார்த்துவிட்டு அதைத் தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டாள். பிறகு, எந்த வண்டியானாலும் வேலை முடிந்ததும் சொல்கிற அதே குரலில், "போயி பம்பர்ல ஏறி ஆட்டுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. இருபத்திமூன்று வருஷமாகப் பொய் முள்ளைக் கண்டுபிடிக்க அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வழி அது ஒன்றுதான், அதை மறந்துவிட்டு ஈயத்தை வைத்திருக்கிறான். முன்னால் போய் பம்பரில் ஏறினான், பானெட்டைப் பிடித்துக்கொண்டான், முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான், விட்டான், அழுத்தினான். பழைய ஸ்பிரிங் பட்டைகள் கிரீச்சிட்டன. அவள் காதுத் தோடு ஆடியது, கேபினில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடியது, சென்னியப்பன் போட்ட காய்ந்த மாலை ஆடியது.

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆடுதா?"

அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

"ஆடுதுங்க" என்றாள்.

அவன் இன்னும் பலமாக ஆட்டினான். கண்ணெல்லாம் மறைத்துக்கொண்டு வந்தது, துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவான்.

"நல்லா ஆடுதா, பாவாயி?"

"நல்லா ஆடுதுங்க. தளும்பத் தளும்ப இருக்குதாட்டந் தெரியுது" என்றாள். "நிறுத்தாதீங்க, இன்னுங் கொஞ்ச நேரம் ஆட்டுங்க."

அவள் இறங்குகிறேன் என்று சொல்லும்வரை அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான்.